எந்த ஆட்டை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

ஆந்திர-தமிழக எல்லையிலுள்ள குப்பம், இராமகுப்பம், வி.கோட்டா, பேரணாம்பட்டுப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மானாவாரி நிலக்கடலை காய்ந்துபோன வீடுகளிலிருந்து எழுதப்பட்டவை. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கணவர் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. டுவாக்ரா (மகளிர் சுயஉதவி) குழுக் கடனில் கறவைப்பசு வாங்கலாமா, ஆடுகள் வாங்கலாமா? (குப்பம் வாசகி)

பதில்: தண்ணீரைக் கணக்கிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கோடையில் ஒரு கலப்பினக் கறவைப்பசு குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு வெள்ளாட்டுக்கு 4 முதல் 6 லிட்டர் போதும். தவிர, நெருக்கடி வந்தால் ஐந்து ஆடுகளில் இரண்டை விற்று மூன்றை வைத்துக்கொள்ளலாம். கால் பசுவை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆகவே ஆடுதான் என் பரிந்துரை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விலைபோகும் பருவத்துக்கு வர இன்னும் ஏழெட்டு மாதம் என்பதால் முதல் ஓராண்டுக்கு ஏறத்தாழ வருமானமே இராது. மாதத் தவணைக் கடனில் இளம் பெட்டைகளை வாங்கினால், அந்தத் தவணைக்காகவே அவற்றை விற்க நேரும். ஒருமுறையாவது ஈன்று, இப்போது சினையாகவோ குட்டியோடோ இருக்கும் பெட்டைகள் ஐந்தோடு தொடங்குங்கள். கிடாவுக்குத் தனியே செலவழிக்க வேண்டாம், ஊர்க் கிடாவே போதும்.

புங்கனூர் குட்டைப்பசுவைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். குறைவாகத் தின்னும் நல்ல நாட்டினம்தான். இன்று அதற்குச் சொல்லப்படும் விலை, வறட்சிக்கு வழி தேடும் குடும்பத்துக்கானதன்று.

கேள்வி: 35 வெள்ளாடுகள் இருக்கின்றன. மாசியிலேயே மேய்ச்சல் காய்ந்துவிட்டது. மழை வரும்வரை தாக்குப்பிடிப்பதா, விற்றுவிடுவதா? (வி.கோட்டா வாசகர்)

பதில்: ஒரு பகுதியை இப்போதே விற்றுவிட வேண்டும். வறட்சியில் ஆட்டுக்காரருக்கு ஏற்படும் நட்டத்தில் பெரும்பங்கு ஆடு சாவதால் வருவதன்று. எல்லோரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வைகாசி முடிவில் மெலிந்த ஆடுகளை ஒரே வாரத்தில் சந்தைக்கு ஓட்டுவதால் வருவது. அப்போது வியாபாரி சொல்வதுதான் விலை.

விற்கும் காலத்தைக் கையே சொல்லிவிடும். கடைசி விலா எலும்பைத் தாண்டி, இடுப்புக்கு முன்னால், முதுகுத்தண்டின் இருபுறமும் விரல்களை வைத்து அழுத்துங்கள். எலும்பு முனைகள் சதைக்கடியில் மழுங்கலாகத் தட்டுப்பட்டால் ஆடு இன்னும் விலைபோகும் நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு முனையும் தனித்தனியே கூராகக் குத்தினால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. அடர்ந்த மயிர் கண்ணை ஏமாற்றும் என்பதால், பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

முதலில் கிடாக்குட்டிகள் போகட்டும். அடுத்து பல் தேய்ந்த கிழ ஆடுகள், இரண்டு பருவமாகச் சினை பிடிக்காதவை, மடிநோய் கண்டு ஒரு பக்கம் பால் வற்றியவை. நாலு பல், ஆறு பல் போட்ட சினைப் பெட்டைகளையும், இரட்டைக் குட்டி ஈன்ற தாயின் பெட்டைக் குட்டிகளையும் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள், ஏனெனில் மழை பெய்தபின் மந்தையை மீட்டுத் தரப்போவது இவைதான். எத்தனையை வைத்துக்கொள்வது என்பதை வீட்டிலுள்ள கடலைக்கொடி முடிவு செய்யட்டும்: வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ உலர்தீவனம் என்றால், 12 ஆடுகளை 100 நாள் காப்பாற்ற 1,200 கிலோ வேண்டும். குறைந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது விற்ற பணத்தில் ஒரு பங்கை உடனே கொடி வாங்க ஒதுக்குங்கள்; சித்திரையில் அதன் விலையும் ஏறிவிடும்.

மே மாதத்தில் குப்பம் கங்கம்மா ஜாத்திரையும், வைகாசி முதல் நாளில் குடியாத்தம் சிரசுத் திருவிழாவும் வருகின்றன. கிடாவுக்குக் கேட்பு கூடும் அந்த நாட்களுக்கு இரண்டு வாரம் முன்பே பேசி வையுங்கள். சந்தையில் கண்மதிப்பில்தான் விலை பேசுவார்கள், ஆகையால் வீட்டிலேயே தூக்குத் தராசில் எடை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: கோடை முழுதும் பிழைத்த ஆடுகள் முதல் மழைக்குப் பிறகு திடீரென்று செத்தன. ஏன்? (இராமகுப்பம், பேரணாம்பட்டு)

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று சோளம். வாடிய பயிரிலும், அறுத்த தாளிலிருந்து மழைக்குப்பின் தழைக்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் மிகுந்திருக்கும். பசித்த மந்தை அதில் புகுந்தால், சில நிமிடங்களிலேயே பல ஆடுகள் மூச்சிரைத்து விழும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்தால் சோடியம் தயோசல்பேட் ஊசியால் சிலவற்றைக் காப்பாற்றலாம். பூத்தபின் அறுத்து நன்றாகக் காயவைத்த சோளத்தட்டையில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

மற்றொன்று துள்ளுமாரி. காய்ந்த தீவனத்திலிருந்து இளம்புல்லுக்குச் சட்டென்று மாறும்போது குடலிலுள்ள நுண்ணுயிர் பெருகி நஞ்சு உண்டாக்குகிறது. மந்தையிலேயே கொழுத்த குட்டி காலையில் பட்டியில் செத்துக் கிடந்தால் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். முதன்முறையானால் சில வாரங்களில் மறு ஊசியும் உண்டு. மழை வந்த முதல் வாரத்தில் ஆடுகளுக்குக் கொஞ்சம் கடலைக்கொடி தின்னக் கொடுத்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

கேள்வி: கௌண்டின்யா சரணாலயத்தில் மேய்க்க விடுவதில்லை. தழைக்கு என்ன செய்வது? (பலமநேர்)

பதில்: யானைகள் நடமாடும் அந்தக் காட்டை நம்பி மந்தை வைப்பதே தவறு. வரப்பிலும் வேலியிலும் தழைத்தீவன மரங்களான கிளைரிசிடியாவின் கொம்புகளையும் சவுண்டலையும் (சூபாபுல்) மழைக்காலத்தில் நடுங்கள். கிளைரிசிடியாவின் வாடை ஆடுகளுக்கு முதலில் பிடிக்காது. வெட்டி அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். சவுண்டல் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு மயிர் உதிரச் செய்யும்.

கேள்வி: ஆட்டுக்குக் காப்பீடு பயன் தருமா? (குப்பம்)

பதில்: தரும். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-இல் செய்த மாற்றத்தின்படி பிரீமியத்தில் பயனாளியின் பங்கு 15 சதவீதம்தான். காப்பீட்டு அடையாளமாக ஆட்டின் காதில் மாட்டிய வில்லை விழுந்துவிட்டால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆடு இறந்தால் மருத்துவர் வந்து பார்க்கும் முன் புதைத்துவிடாதீர்கள்.