பத்தியம் இருந்தும் காணாக்கடி போகவில்லையே?

கேள்வி: எனக்கு 34 வயது. நான்கு மாதமாகச் சாயங்காலம் ஆனால் தொடை, வயிறு, முதுகெல்லாம் தடித்து, அரிப்பு உயிரை எடுக்கிறது. காலையில் தடயமே இருப்பதில்லை. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் விட்டாயிற்று. ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ கூடுதலாம். இன்னும் எதை நிறுத்த வேண்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இனி எதையும் நிறுத்த வேண்டாம், சகோதரி. இதுவரை உடம்பை வருத்தியதே போதும். உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடித்துவிடும். ஆறு வாரம் தாண்டிய காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். சாப்பிட்டவுடன் தடித்ததாக நினைவிருக்கும் பொருள் ஏதும் இருந்தால் அதை மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

தோலில் சிறு ரத்தக்குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய நுண்மணிகள். தூண்டப்பட்டதும் மாஸ்ட் செல் அதை வெளியே கொட்டுகிறது. ரத்தக்குழாய் கசிந்து தோல் தடிக்கிறது. நரம்பில் பட்டு அரிக்கிறது.

தூண்டுவது யார்? 1960-களில் கண்டறியப்பட்ட ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டியிருக்கும். ஒவ்வாமையில் வெளியிலிருந்து வரும் பொருள் அதைப் பிடித்து இழுக்கிறது. நாள்பட்ட காணாக்கடியில் பலருக்கு அந்த வேலையை அவரவர் உடம்பே செய்கிறது: சிலருக்கு ஐஜிஇ தங்கள் தைராய்டு புரதத்தையே எதிரியாக நினைக்கிறது, சிலருக்கு ஐஜிஜி என்ற இன்னொரு புரதம் மாஸ்ட் செல்லையே நேரடியாகத் தூண்டுகிறது. அதனால் தைராய்டு பரிசோதனை செய்து பாருங்கள். ஐஜிஇ கூடுதல் என்பதை மட்டும் வைத்து எந்த உணவையும் குற்றம் சொல்ல முடியாது. குடலில் புழு இருந்தால்கூட அது கூடும்.

இன்று ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது மறைந்து வேறிடத்தில் புதிதாகக் கிளம்பினால் காணாக்கடிதான். அதே இடத்தில் நின்று, எரிச்சலோடு கன்றிப்போனால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரையை அரித்த பிறகு போடாமல், மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் போட வேண்டும். கேட்காவிட்டால் அவரே அளவைக் கூட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால், ஐஜிஇ-யைப் பிடித்து முடக்கும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது, விலைதான் அதிகம். கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மாதவிலக்கு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போடுகிற பழக்கம் உண்டா? அவை சிலருக்குத் தடிப்பைக் கிளறிவிடும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.