பார்க்லி ஏன் ஓடவில்லை? ஈகிள்ஸ் கேள்வி பதில்

2025 நவம்பர் 28 அன்று அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் வந்து, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை அவர்களுடைய மைதானத்திலேயே 24-15 என்று தோற்கடித்துவிட்டுப் போனார்கள். அதையொட்டிக் கேள்விகள் வந்து குவிந்தன. இதில் ‘இந்த ஆண்டு’ என்று வருவதெல்லாம் அந்த 2025 சீசன்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வெறும் திட்டாக இருந்தவற்றை விட்டுவிட்டேன்.

கேள்வி: 2024-இல் பந்தோடு 2,005 யார்டு ஓடிய நம் ஓட்டக்காரர் சாக்வான் பார்க்லி, இந்த ஆண்டு இதுவரை ஓட்டத்துக்குச் சராசரியாக 4 யார்டுகூட எடுக்கவில்லை. வயதாகிவிட்டதா?

பதில்: இந்த ஆண்டு அவருக்கு 28 வயதுதான். அக்டோபர் 26 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 65 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தாரே, அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வேகம் போன கால் அப்படி ஓடாது. மற்ற ஆட்டங்களில், அவர் பந்தை வாங்கி நிமிரும்போதே எதிரே ஒருவன் வந்து நிற்கிறான். நிற்கிற இடத்திலேயே ஒருவனை ஏமாற்றிவிட்டுத்தான் ஓட்டத்தையே தொடங்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் திணறுவார்கள்.

கேள்வி: ஒரே சீசனில் 2,000 யார்டு தொட்டவர்களுக்கு அடுத்த ஆண்டு சரிவுதான் என்கிறார்களே?

பதில்: சாபம் கீபம் ஒன்றும் இல்லை. ஆனால் எண்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. எரிக் டிக்கர்சன் 1984-இல் 2,105, மறு ஆண்டு 1,234. ஜமால் லூயிஸ் 2003-இல் 2,066, அடுத்தது 1,006. ஏட்ரியன் பீட்டர்சன் 2,097-லிருந்து 1,266-க்கு இறங்கினார். டெரெல் டேவிஸ் 1998-இல் 2,008 ஓடினார், மறு ஆண்டு நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது. இதுவரை ஒருவர்கூட இரண்டு முறை 2,000-ஐத் தொட்டதில்லை. பார்க்லி 2024 சீசனில், பிளேஆஃப் என்ற நாக்அவுட் ஆட்டங்களையும் சேர்த்து 436 தடவை பந்தைச் சுமந்தார். அத்தனை தடவை அடிவாங்கிய உடம்பு கணக்குக் கேட்காமல் விடுமா? களைப்பும் ஒரு காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். முதல் காரணம் என்றால் மாட்டேன்.

கேள்வி: முன்வரிசையில் நின்று எதிரணியை மறிக்கும் ஐவர்தான் லைன். அதில் மெக்காய் பெக்டன் ஒருவர்தானே போனார்? ஐந்தில் நான்கு பேர் அதே ஆட்கள். அப்புறம் எப்படி இவ்வளவு மோசமாகும்?

பதில்: பெயர்கள் அதேதான். உடம்புகள் அதே இல்லை. லைனின் நடுவில் நிற்கும் சென்டர் கேம் ஜர்கன்ஸுக்கு, சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு முதுகில் அறுவை சிகிச்சை. சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர் கார்டு; இடது கார்டு லாண்டன் டிக்கர்சனுக்கு ஆகஸ்டில் முழங்காலில் அறுவை சிகிச்சை. லைனின் ஓரத்தில் நிற்பவர் டாக்கிள்; வலது டாக்கிள் லேன் ஜான்சன் நவம்பரில் பாதத்தில் அடிபட்டு வெளியே போனார். முழு உடம்போடு நிற்பவர் என்றால் இடது டாக்கிள் ஜோர்டன் மைலாட்டாதான். பெக்டன் இடத்துக்கு வந்த டைலர் ஸ்டீனைத் திட்டி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தப்பான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

அடி விழுந்த இடம் எது என்று கவனியுங்கள். சென்டரும் பக்கத்துக் கார்டும் சேர்ந்து, எதிரணியின் பெரிய தடுப்பாளனை இரண்டு பேராக முட்டித் தள்ளுவார்கள். அவன் நகரத் தொடங்கியதும் ஒருவர் அவனைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் போய் மறிக்க வேண்டும். ஈகிள்ஸின் ஓட்டத்துக்கு இதுதான் ஆதாரம். முதுகு ஒத்துழைக்காத சென்டரால் தனியாளாக அந்தத் தடுப்பாளனைத் தாங்க முடியாது. அதனால் கார்டு அரை நொடி கூடுதலாக அங்கேயே நிற்கிறார். அந்த அரை நொடியில் லைன்பேக்கர் சந்தில் நுழைந்துவிடுகிறான். டிவியில் பார்ப்பவருக்கு பார்க்லி சுவரில் மோதுவது மட்டும்தான் தெரியும்.

கேள்வி: ஜர்கன்ஸ் இல்லாத ஆட்டத்தில்தானே ஜயன்ட்ஸைப் பிழிந்து எடுத்தார்கள்?

பதில்: ஆமாம், மாற்று சென்டர் பிரெட் டோத் ஆடினார். பார்க்லி 14 ஓட்டத்தில் 150, மாற்று ஓட்டக்காரர் டேங்க் பிக்ஸ்பி 9 ஓட்டத்தில் 104. என் வாதத்துக்கு இடிக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. ஜயன்ட்ஸின் ஓட்டத் தடுப்பு இந்த ஆண்டு ஓட்டைப் பானை என்பது ஒரு பக்கம். வலியோடு ஆடும் முதல் ஆளைவிட வலியில்லாத இரண்டாம் ஆள் மேல் என்பது இன்னொரு பக்கம்.

கேள்வி: எல்லாரும் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர் கெவின் பட்டூல்லோவைத் திட்டுகிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: முன்பு அந்த வேலையில் இருந்த கெல்லன் மூர் தலைமைப் பயிற்சியாளராக நியூ ஆர்லியன்ஸுக்குப் போனதும் இவருக்குப் பொறுப்பு வந்தது. பழி முழுவதும் இவருடையது இல்லை, பங்கு உண்டு. ஷாட்கன் அமைப்பில், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சென்டரை விட்டுத் தள்ளிப் பின்னால் நிற்பார்; பார்க்லி அவருக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே பந்தை வாங்குகிறார். சென்டருக்கு ஒட்டி குவார்ட்டர்பேக் நின்றால், பின்னாலிருந்து ஓடி வந்துகொண்டே வாங்கலாம். லைன் பலமாக இருந்தவரை இந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் நம் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். பந்தைக் கொடுப்பதுபோல் காட்டி அவரே வைத்துக்கொண்டு ஓடுவார் என்ற பயம் இருந்தவரை, ஓரத்தில் நிற்கும் தடுப்பாளன் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் தொடாமலே ஒருவன் ஆட்டத்திலிருந்து கழிந்தான். இந்த ஆண்டு ஹர்ட்ஸ் அப்படி ஓடுவது குறைந்துவிட்டது. அந்த ஆள் இப்போது நேராக பார்க்லியைத் துரத்துகிறான். ஒரு பாதிக்கு இரண்டு முறை ஹர்ட்ஸ் ஓடிக் காட்டினாலே போதும் என்பேன். அவர் அடிபட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அணியும் அதையே நினைக்கிறது போல.

கேள்வி: குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளி ஒரு யார்டு எடுக்கும் டுஷ் புஷ் மட்டும் நடக்கிறதே?

பதில்: ஒரு யார்டு தள்ளுவது வேறு, ஓட வழி திறப்பது வேறு. அதுவும், சிகாகோ ஆட்டத்தில் அந்தத் தள்ளலின் நடுவிலேயே ஹர்ட்ஸ் கையிலிருந்து பந்தைப் பறித்துவிட்டார்கள்.

கேள்வி: அதே ஆட்டத்தில் சிகாகோ நம்மேல் 281 யார்டு ஓடியது. அதில் 125 நம் பழைய ஆள் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். வயிறு எரிகிறது.

பதில்: எரியட்டும், ஆனால் கதையைக் கேளுங்கள். 2023-இல் ஸ்விஃப்ட் இங்கே அப்போதைய சென்டர் ஜேசன் கெல்சியின் பின்னால் 1,049 யார்டு ஓடினார், சராசரி 4.6. சிகாகோவுக்குப் போன 2024-இல் சராசரி 3.8. அதே 2023-இல் பார்க்லி ஜயன்ட்ஸில் 3.9. இங்கே வந்ததும் 5.8. இந்த ஆண்டு தொடங்கும் முன் சிகாகோ என்ன செய்தது? லைனின் நடுவில் மூன்று பேரையும் மாற்றியது: ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன். ஸ்விஃப்ட் மறுபடி ஓடுகிறார், பார்க்லி மறுபடி முட்டிக்கொள்கிறார்.

கேள்வி: பையன் பார்க்லி சட்டை கேட்கிறான். இந்த நிலையில் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. என்னைக் கேட்டால் மைலாட்டாவின் 68 வாங்குவேன். பையன் ஒத்துக்கொள்ள மாட்டான்.