ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: புது ரைசன் 5 7600 பிராசசர் போட்ட கணினி

அணைக்காதீர்கள். பவரைப் போட்டுவிட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு மஞ்சளாக எரிகிறது, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நான்கு முறை அணைத்துப் போட்டேன் என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த அவசரம்தான் சிக்கல். இந்தப் பிராசசர் உட்காரும் ஏஎம்5 மதர்போர்டுகள் முதல் தடவை டிடிஆர்5 ரேமுக்கு ஒத்துவரும் நேர அளவுகளைத் தாமே தேடும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை திரை கறுப்புதான். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. நானும் ஒரு ராத்திரி முழுக்க ரேமைக் கழற்றி மாட்டியவன்தான்.

அப்படியும் வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து இரண்டாவது) 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். மதர்போர்டில் உள்ள வட்டமான சிமாஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். அப்புறம் மறுபடி காத்திருப்பு.

7600-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ ஒயரை மதர்போர்டிலேயே செருகிப் பார்க்கலாம். வாங்கியது 7500எஃப் என்றால் இது நடக்காது, பெட்டியை ஒருமுறை பாருங்கள்.

டிராம் விளக்குக்குப் பதில் சிபியு (பிராசசர்) விளக்கு எரிந்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. பிராசசருக்கான 8 பின் பவர் ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.