சோலார் பேனல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் திசையைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திசை முக்கியம்தான், ஆனால் பலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பல கூரைகளில் நிழலும் தவறான இணைப்பும் அதைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுகின்றன.

கேள்வி: புதிதாகப் பேனல் போடப் போகிறோம். பொருத்துபவர் தெற்கு என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் வடக்கு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். உங்கள் அண்ணன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வசிக்கிறார் என்றால் அவருக்கு வடக்கு, ரேகைக்கு வடக்கே இருக்கும் உங்களுக்குத் தெற்கு. பேனலின் முகம் பூமத்திய ரேகையைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சரியாக அந்தத் திசையில் இல்லையென்றால் என்ன ஆகும்? வெயில் பேனலின் மேல் நேர்க்குத்தாக விழுந்தால் முழுதும் கிடைக்கும். சரிந்து விழுந்தால் அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறையும். 15 டிகிரி விலகினால் இன்னும் 97 சதவீதம் கையில் இருக்கிறது. 30 டிகிரியில் 87. 60 டிகிரியில் பாதி. முதல் சில டிகிரிகளில் இழப்பு அற்பம், போகப் போகத்தான் வேகம் பிடிக்கிறது. அதனால் உங்கள் கூரை தெற்கிலிருந்து 20, 25 டிகிரி திரும்பியிருந்தால் அதற்காகப் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரைக் கோணலாக நிறுத்தி இடத்தை வீணாக்க வேண்டாம். கட்டடத்தின் வரிசையிலேயே போடுங்கள். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் போவது ஓரிரு சதவீதம்தான்.

கேள்வி: எங்கள் ஊர் ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மே, ஜூன், ஜூலையில் மதிய வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. அப்புறம் எதற்குத் தெற்கு?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். 23.4 டிகிரி வடக்குக்கும் 23.4 டிகிரி தெற்குக்கும் இடையே இருக்கும் எல்லா ஊர்களிலும் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை உச்சந்தலையைக் கடக்கிறது. உங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும்.

ஆனால் எவ்வளவு தூரம் வடக்கே போகிறது என்று பாருங்கள். ஜூன் 21 வாக்கில், அதாவது வடக்கே மிக விலகும் நாளில், உச்சியிலிருந்து சுமார் 13 டிகிரி. டிசம்பர் 21 வாக்கில் தெற்கே சுமார் 33 டிகிரி. வடக்கே இருப்பது நாலரை மாதம், தெற்கே இருப்பது ஏழரை மாதம். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் தராசு தெற்குப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

எந்த மாதங்களில் மேகம் மூடுகிறது என்பதும் இதில் சேரும். சூரியன் தெற்கே இருக்கும் மாதங்கள் உங்கள் ஊரில் மழைக்காலமாக இருந்தால், தெற்கின் சாதகம் இன்னும் சுருங்கும். எப்படியானாலும் இந்த அட்சரேகையில் 10 டிகிரி சாய்வில் வைத்த பேனல் நேர் வடக்கைப் பார்த்தால்கூட, தெற்கோடு ஒப்பிட்டால் ஆண்டு இழப்பு பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தெற்குப் பக்கத்தில் இடமே இல்லை, வடக்குச் சரிவு மட்டும் காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுதான் பதில்: சாய்வு குறைவு, ஊரும் பூமத்திய ரேகைக்கு அருகில் என்றால் தாராளமாகப் போடலாம். அதே காரியத்தை 35 டிகிரி அட்சரேகையில் 30 டிகிரி சரிவுள்ள கூரையில் செய்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். அங்கே வேண்டாம்.

கேள்வி: கூரையின் இரண்டு சரிவுகளும் கிழக்கும் மேற்குமாக இருக்கின்றன. சோலார் ஆசையை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். 35 டிகிரி அட்சரேகையில், 30 டிகிரி சரிவில், தெற்கோடு ஒப்பிட்டால் கிழக்கோ மேற்கோ ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் குறைவாகத் தரும். பூமத்திய ரேகைக்கு அருகில், 10 டிகிரி சாய்வில் என்றால் வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதம்தான்.

இதில் ஒரு லாபமும் உண்டு. தெற்குப் பேனல் மதியத்தில் மலைபோல் எழுந்து இறங்கும். கிழக்கு, மேற்கு இரண்டிலும் பாதிப் பாதி போட்டால் உச்சம் தாழ்ந்து, காலையும் மாலையும் அகலமாகும். வீட்டில் ஆட்கள் இருப்பதும் மின்சாரம் செலவாவதும் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான். உச்சம் தாழ்வதால் கொஞ்சம் சிறிய இன்வெர்ட்டரே போதுமானதாகவும் இருக்கலாம். மின்கட்டமைப்புக்கு விற்கும் யூனிட்டுக்கு வாங்கும் யூனிட்டைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடங்களில், ஆண்டு மொத்த உற்பத்தியைவிட எந்த மணியில் வருகிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும்.

கேள்வி: சரி, ஒரு பக்கம்தான் போட முடியும் என்றால் கிழக்கா, மேற்கா?

பதில்: கணக்குப்படி இரண்டும் சமம். வானிலைதான் பிரிக்கிறது. பிற்பகலில் மேகம் திரண்டு இடி மழை பெய்யும் ஊரில் கிழக்கு மேல். காலையில் வெகுநேரம் மூடுபனி நிற்கும் ஊரில் மேற்கு மேல்.

வெப்பம் கிழக்குக்குக் கொஞ்சம் சாதகம். பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு செல் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸில் சோதித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கன் பேனல் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கிறது. பிற்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது 12 சதவீதம் போல மறைந்திருக்கும். காலைக் குளிர்ச்சியில் அவ்வளவு போகாது. ஆனால் மாலை நேர மின்சாரத்துக்குக் கட்டணம் கூடுதல் என்றால் இந்தச் சாதகத்தை மறந்துவிட்டு மேற்கே போங்கள்.

கேள்வி: மொபைல் காம்பஸ் வைத்துத் திசை பார்த்தேன். மாடியில் ஒரு இடத்தில் ஒன்று காட்டுகிறது, நாலடி தள்ளினால் வேறு காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். மொபைல் காம்பஸ் இரும்பைக் கண்டால் தடுமாறும். கான்கிரீட்டுக்குள் கம்பி, பக்கத்தில் இரும்புப் படி, ஸ்ட்ரக்சர் என்று மாடியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இரும்பே இல்லாத இடத்திலும் காம்பஸ் காட்டுவது காந்த வடக்கைத்தான், நமக்கு வேண்டியது உண்மையான வடக்கு. இரண்டுக்கும் உள்ள விலக்கம் சில நாடுகளில் பூச்சியத்தை ஒட்டியிருக்கும். நியூசிலாந்து போன்ற இடங்களில் 20 டிகிரியைத் தாண்டும். பல மொபைல்களில் உண்மை வடக்கைக் காட்டச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

நான் சிபாரிசு செய்வது நிழலை. சமமான தரையில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்துங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிற்பகலில் அது நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு. கடிகாரமும் வேண்டாம், மொபைலும் வேண்டாம். பகல் 12 மணி நிழலை நம்பி வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். சூரியன் உச்சத்துக்கு வருவது சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் நடு நேரத்தில், அது கடிகாரத்தின் 12 மணியாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: சாய்வே இல்லாமல் தட்டையாகப் படுக்க வைத்தால் திசைப் பிரச்சினையே இல்லையே?

பதில்: திசைப் பிரச்சினை தீரும், தூசிப் பிரச்சினை தொடங்கும். தட்டையாக இருக்கும் பேனலில் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்து, சட்டத்தின் ஓரமாக அழுக்குப் படியும். மழையே கழுவிவிட வேண்டும் என்றால் 10 டிகிரியாவது சாய்வு வேண்டும்.

மற்றபடி அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வு என்பது தொடக்கத்துக்கு நல்ல விதி. 50 டிகிரி போன்ற உயர்ந்த அட்சரேகைகளில் அதைவிடக் குறைவாக, 35 முதல் 40 டிகிரிக்குள் வைப்பது ஆண்டு மொத்தத்துக்கு நல்லது. அங்கே உற்பத்தியில் பெரும்பங்கு கோடையில் வருகிறது, மேகத்தின் வழியாகச் சிதறி வரும் வெளிச்சமும் வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. மொட்டைமாடியில் சாய்வைக் கூட்டினால் முன் வரிசையின் நிழல் பின் வரிசையில் விழும், காற்றும் அதிகமாகப் பிடிக்கும்.

கேள்வி: கிழக்கே ஆறு, மேற்கே ஆறு என்று போட்டு ஒரே லைனில் இணைத்துவிட்டார்கள். உற்பத்தி எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது. பேனல் பழுதா?

பதில்: பேனலைத் திட்டாதீர்கள், இணைப்பைப் பாருங்கள். பன்னிரண்டையும் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஸ்ட்ரிங்கில் கோர்த்திருந்தால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். ஒரே குழாயில் எங்கே சுருங்கினாலும் மொத்தத் தண்ணீர் ஓட்டமும் சுருங்குவதைப் போல. காலையில் கிழக்குப் பேனல்கள் 8 ஆம்பியர் தரத் தயாராக இருக்கும், மேற்கில் 2 ஆம்பியருக்குத்தான் வெளிச்சம் இருக்கும். ஒன்று எல்லாமே 2 ஆம்பியரில் ஓட வேண்டும், அல்லது மின்னோட்டம் பலவீனமான ஆறு பேனலையும் விட்டுவிட்டு, மாற்றுப் பாதை தரும் பைபாஸ் டயோடுகள் வழியாகத் தாண்டிச் செல்ல வேண்டும். இரண்டுமே நஷ்டம்.

தீர்வு கடினமில்லை. ஒவ்வொரு திசைக்கும் தனி ஸ்ட்ரிங். இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி உள்ளீடுகள் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலிருந்தும் கிடைக்கும் அதிகபட்ச மின்சாரத்தைத் தனித்தனியாக எடுக்கும் வாசல்கள்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கொடுக்கலாம், ஆறு பேனலின் வோல்ட்டேஜ் அந்த உள்ளீடு கேட்கும் குறைந்தபட்ச அளவைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே உள்ளீடுதான் என்றாலும், இரு ஸ்ட்ரிங்கிலும் ஒரே வகைப் பேனல் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் இணையாகச் சேர்க்கலாம். வெளிச்சம் குறைந்தால் மின்னோட்டம்தான் பெரிதாக விழும், வோல்ட்டேஜ் கொஞ்சம்தான் இறங்கும், அதனால் இணையாகச் சேர்ப்பதில் இழப்பு மிகச் சிறிது. மேலே சொன்ன எந்தத் திசைக் கணக்கையும்விட இந்த ஒரு மாற்றம் உங்களுக்கு அதிக யூனிட் தரும்.

கேள்வி: இலவசக் கணிப்பான் ஒன்றில் தெற்கு என்று 180 போட்டேன். உற்பத்தி மோசமாக வருகிறது.

பதில்: எந்தக் கணிப்பான் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பிவிஜிஐஎஸ் என்ற கணிப்பானாக இருக்கலாம். அதில் தெற்குக்கு 0, கிழக்குக்கு மைனஸ் 90, மேற்குக்கு 90. நீங்கள் போட்ட 180 அங்கே வடக்கு. பிவிவாட்ஸ் என்ற இன்னொரு கணிப்பானில் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

கேள்வி: சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் அமைப்பு வீட்டுக்கு நல்லதா?

பதில்: நல்ல வெயில் உள்ள இடத்தில், ஒரே அச்சில் திரும்பும் ஓரச்சு அமைப்பு 15 முதல் 25 சதவீதம் கூடுதலாகத் தரும். பெரிய சோலார் பண்ணைகளுக்குப் பொருந்தும். வீட்டு மாடியில் மோட்டாரும் பேரிங்கும் பராமரிப்பும் தலைவலி. அந்தக் காசில் இன்னும் இரண்டு பேனல் போடுங்கள்.

கேள்வி: தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை ஒன்பதரை வரை ஓரமாக விழுகிறது. சின்ன நிழல்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: சின்ன நிழல் சின்ன இழப்பு என்று நினைப்பதுதான் பிழை. பேனலுக்குள் செல்கள் தொடராகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன, பொதுவாக மூன்று பகுதிகளாக, பகுதிக்கு ஒரு பைபாஸ் டயோடு. ஒரு செல் முழுதாக மறைந்தாலே அந்தப் பகுதி மொத்தமும், அதாவது பேனலில் மூன்றில் ஒரு பங்கு, விலகிக்கொள்ளலாம். மூன்று பகுதிகளையும் வெட்டிக்கொண்டு குறுக்கே நிழல் விழுந்தால் பேனலே ஏறக்குறைய அணைந்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் ஒன்பதரைக்குள் விலகிவிடுகிறது என்றால் முதலில் எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். சூரியன் தாழ்வாக ஓடும் மாதங்களில் அதே தொட்டியின் நிழல் இன்னும் நீளும், இன்னும் தாமதமாக விலகும். அந்த மாதங்களிலும் ஒன்பதரைதான் என்றால் அப்படியே போடலாம். பதினொன்று வரை நின்றால், அந்த வரிசையை மட்டும் எடுத்து நிழல் படாத மேற்குப் பக்கத்தில் தனி ஸ்ட்ரிங்காகப் போடுங்கள்.