வீட்டுக்குப் பூட்டு, ஆளைக் காணோம்

இந்த வாரக் கேள்வி-பதிலில் வாடகை வீட்டு வழக்குகள் மட்டும்.

கேள்வி: மாடி போர்ஷனை மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டிருந்தேன். அட்வான்ஸ் 36,000. மூன்று மாதமாக வாடகை இல்லை. கேட்டால் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க சார்" என்றார். போன வாரம் குடும்பத்தோடு ஆளைக் காணோம். கதவில் அவர் பூட்டு, போன் ஸ்விட்ச் ஆஃப். பூட்டை உடைக்கலாமா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: உடைக்காதீர்கள். வீடு உங்களுடையதுதான். ஆனால் அவர் சாவியை ஒப்படைக்காதவரை வீடு அவர் சுவாதீனத்தில் இருப்பதாகத்தான் கணக்கு. நாளைக்கே திரும்பி வந்து "பீரோவில் பத்து பவுன் இருந்தது" என்று புகார் கொடுத்தால், திண்டாடப்போவது நீங்கள்.

அவருடைய சொந்த ஊர் முகவரிக்கும், வேலை பார்த்த இடத்துக்கும் ஒப்புகை அட்டையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் சாவி வர வேண்டும், இவ்வளவுதான் விஷயம். திட்டி எழுத வேண்டாம். அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போலீஸ் உங்களுக்கு வாடகை வசூலித்துத் தராது, அது சிவில் விவகாரம். ஆனால் ஆள் போன தேதிக்கு ஒரு பதிவு கிடைக்கும்.

"காலி பண்ணிட்டேன்" என்று ஒரு வரி மெசேஜ் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே திறக்கலாம். பதிலே இல்லையென்றால் வாடகை நீதிமன்றம்தான். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இரண்டு மாத பாக்கியே வெளியேற்றக் கோருவதற்குப் போதுமான காரணம். அந்தச் சட்டம் கேட்கிறபடி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு.

சரி, இப்போது அந்த "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" விவகாரத்துக்கு வருவோம். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றைய சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. நல்ல மாற்றம்தான், நாலு காசு சம்பாதிக்கிறவனும் வீடு தேட முடிகிறது. ஆனால் ஓனர்கள் இன்னும் பத்து மாதப் பணம் கையில் இருக்கிற தைரியத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் கணக்கையே பாருங்கள். 36,000 மூன்றே மாதத்தில் காலி. அதற்கப்புறம் கரண்ட் பில், பெயின்ட், உடைந்த பைப், கழற்றிக்கொண்டு போன ஃபேன் எல்லாம் உங்கள் பையிலிருந்து. அட்வான்ஸ் என்பது கடைசியில் கணக்குத் தீர்க்கிற பணம், முன்கூட்டியே கட்டிய வாடகை இல்லை. பத்தாம் தேதிக்குள் வாடகை வரவில்லையா, எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் வரவில்லையா, நோட்டீஸ். "மாச வாடகையை அட்வான்ஸில் கழிக்கக்கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். ஆனால் ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்? டைப்பிங் சென்டரில் பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் "தென்னை மரத்துக் காய் உரிமையாளருக்கே" என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கேள்வி: ஓடிப்போனவரின் ஆதார் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதில் எங்கள் வீட்டு முகவரிதான் இருக்கிறது. வேறு விவரம் எதுவும் வாங்கவில்லை.
— திருப்பூர்

பதில்: அப்படியானால் நோட்டீஸ் அனுப்பினால் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். சொந்த ஊர் முகவரி, ஆபீஸ் அடையாள அட்டை, தெரிந்தவர் இரண்டு பேரின் நம்பர். சாவி கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது. வாடகை எந்த பேங்க் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள், உங்களிடம் மிஞ்சியிருக்கிற நூல் அது ஒன்றுதான்.

கேள்வி: பாக்கி வைத்திருப்பவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் இல்லையா?
— சேலம்

பதில்: கூடாது. சட்டப்படி தப்பு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைவிடப் பெரிய தப்பு.

கேள்வி: விட்டுப்போன ஃபிரிட்ஜை விற்றுப் பாக்கியை நேர் செய்யலாமா?
— வேளச்சேரி

பதில்: அது அவருடையதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காலி செய்துகொண்டு போன ஒரு பேச்சிலரிடம் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். கொஞ்ச நாளில் வாடகைக்குச் சாமான் விடுகிற கம்பெனி ஆள் வந்து, சீரியல் நம்பரைக் காட்டி, தூக்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருந்த மாவுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார். சாமான்களைப் பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, சாட்சிக் கையெழுத்தோடு ஓர் அறையில் பூட்டி வையுங்கள். விற்பது கோர்ட் சொன்ன பிறகு.

கேள்வி: ஐந்து லட்சம் கொடுத்து லீசுக்கு வந்தோம். பணம் வாங்கியவர் ஓனரே இல்லையாம், மாச வாடகைக்கு இருந்தவராம். அவர் தலைமறைவு. உண்மையான ஓனர் வந்து எங்களைக் காலி செய்யச் சொல்கிறார்.
— மதுரை வாசகி

பதில்: அம்மா, இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதையே தொழிலாக வைத்திருக்கிற கும்பல்கள் இருக்கின்றன. ஓனரிடம் வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீசுக்குக் கொடுத்து, ஓனருக்கு ஒழுங்காக வாடகையும் கட்டுவார்கள், சந்தேகம் வராமல் இருக்க. ஒருநாள் இரண்டு பக்கமும் கம்பி நீட்டிவிடுவார்கள்.

இது வெறும் வாடகை பாக்கி இல்லை, மோசடிக் குற்றம். பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், லீஸ் பத்திரம், அவர் மெசேஜ்கள் எல்லாவற்றோடும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இவ்வளவு பெரிய தொகை என்பதால் மத்தியக் குற்றப்பிரிவை விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓனரும் ஏமாந்தவர்தான், சண்டை போடாமல் அவரையும் சேர்த்துப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். காலி செய்ய எழுத்தில் அவகாசம் கேளுங்கள். புரோக்கர் கமிஷன் வாங்கியிருந்தால் அவர் பேரும் புகாரில் வரட்டும். இனி லீசுக்குப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றில் யார் பேர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஆளிடம் நேரில் பேசிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது. வெட்கத்தில் ஓனரிடம் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு மாத பாக்கி. அட்வான்ஸ் 60,000 போனது போனதுதானா?
— பெயர் வேண்டாம்

பதில்: முழுசும் போகாது. இன்றைக்கே "காலி செய்துவிட்டேன்" என்று தேதியோடு மெசேஜ் அனுப்பி, சாவியை கூரியரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி வாடகை, கரண்ட் பில், சேதம், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் இருந்தால் அதற்கான வாடகை, இவற்றை ஓனர் பிடித்துக்கொள்ளலாம். மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சாவி உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் பாக்கி ஏறுகிறது.

கேள்வி: ஓடிப்போனவர் நாலாயிரத்துச் சொச்சம் கரண்ட் பில் வைத்துவிட்டார். மின்வாரியம் அவரிடம்தானே கேட்க வேண்டும்?
— திருச்சி

பதில்: இணைப்பு உங்கள் பேரில் இருக்கிறது, உங்களிடம்தான் கேட்பார்கள். ஃபியூஸைப் பிடுங்குவதற்குள் கட்டிவிட்டு, ரசீதை நோட்டீஸோடு சேருங்கள்.