பாம்புத் தொட்டிக்கு எந்த ஹீட்டர்? – கடிதம்

வணக்கம் ஐயா,

மகனுக்காக வாங்கிய பால் பைதான் (பந்து மலைப்பாம்பு) ஒன்று ஒன்றரை வருடமாக எங்களிடம் இருக்கிறது. நாங்கள் இருப்பது ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. பாம்புக்கு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய்மட்டைத் துண்டுகள். அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) ஒட்டி நேரே பிளக்கில் கொடுத்திருக்கிறோம். இரவில் சிவப்பு பல்பு. கோடையில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. இப்போது இரவில் அறை 18 டிகிரிக்கு இறங்குகிறது. போன கிழமை விழுங்கிய எலியை நாலாம் நாள் கக்கிவிட்டது. கடைக்காரர் ஹாட் ராக், அதாவது மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல், வைக்கச் சொல்கிறார். மகனின் சிநேகிதன் பல்புபோல மாட்டும் செராமிக் ஹீட்டர்தான் சரி என்கிறான். லண்டனில் இருக்கும் அண்ணா, அங்கே டீப் ஹீட் ப்ரொஜெக்டர் போடுகிறார்கள், 80 வாட்டில் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறார். எதை வாங்குவது?

கே., ஸ்கார்பரோ

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு தெர்மோஸ்டாட், சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே கட்டுப்படுத்தும் கருவி. அது இல்லாமல் எந்த ஹீட்டரை வைத்தாலும் அறையின் குளிரும் சூடும் ஏறி இறங்குவதற்கு ஏற்ப தொட்டியும் ஏறி இறங்கும். கோடையில் பிரச்சினை இல்லாமல் போனதற்குக் காரணம் அறை 25 டிகிரியில் இருந்ததுதான். மேட் அன்றும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பாம்பை வேறு பெட்டியில் விட்டுவிட்டு, மேட் இருக்கும் பக்கத்தில் மட்டைத் துண்டுகளை ஒதுக்கி, அடிக்கண்ணாடியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். கட்டுப்பாடு இல்லாத மேட்டின் மேல் கண்ணாடி 50 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரண்டு அங்குலத் துண்டுகள் அந்தச் சூட்டை மேலே விடாமல் தடுத்துக் கீழேயே தேக்கிவைக்கும். மேலே படுத்தால் குளிர். சூடு தேடித் துண்டுகளைத் தோண்டிக்கொண்டு போனால் அடியில் சுடும் கண்ணாடி. பாம்பு சுட்டவுடன் விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். சுற்றிலும் குளிராக இருக்கும்போது வயிறு வெந்தாலும் அதே இடத்தில் படுத்துக் கிடக்கும். புண் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். வயிற்றுச் செதில்கள் சிவந்தோ பழுப்பேறியோ கொப்புளித்தோ இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கண்ணாடி 35 டிகிரிக்கு மேல் காட்டினால் மேட்டைக் கழற்றிவிட்டு, புது ஏற்பாடு வரும்வரை சிவப்பு பல்பைப் பகலிலும் எரிய விடுங்கள். ஹாட் ராக் பேச்சே வேண்டாம். மேட்டின் அதே கோளாறு, அதைவிடச் சிறிய இடத்தில்.

இனி என்ன தேவை என்று பார்ப்போம். பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பிராணி. கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் வெளியே வரும். அதற்குத் தொட்டியின் ஒரு முனையில் 32 முதல் 34 டிகிரி சூடுள்ள ஓர் இடம் வேண்டும். மறுமுனை 25 அல்லது 26. இரவில் எங்கும் 24-க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். உங்கள் தொட்டியில் குளிர் முனை இப்போது அறையோடு சேர்ந்து 18, 19-இல்தான் இருக்கும். அந்தக் குளிரில் செரிமானம் நின்றுபோய், எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். விழுங்கிய இரண்டு நாளுக்குள் கையில் எடுத்தாலும், எலி பெரிதாக இருந்தாலும் கக்கும். அதையும் மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. அறை 24-இல் இருக்கும் வீட்டில், மெல்லிய விரிப்புப் போட்ட சிறு பெட்டியில், தெர்மோஸ்டாட்டோடு அது நன்றாகவே வேலை செய்யும். 18 டிகிரி பேஸ்மென்டில் மூன்றடித் தொட்டிக்கு அது எட்டாது. உங்களுக்குச் சூடு மேலிருந்துதான் வர வேண்டும்.

மேலிருந்து சூடாக்க நான்கு வழி உண்டு. ஹாலஜன் ஃபிளட் பல்பு பகலுக்கு நல்லது. அதன் அண்மை அகச்சிவப்புக் கதிர் தோலுக்குள் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும், வெயில் இறங்குவதுபோல. ஆனால் வெளிச்சம் தருவதால் இரவில் எரிக்க முடியாது. செராமிக் வெளிச்சமே தராது, இரவும் பகலும் ஓடும், மலிவு. அதன் சூடு தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். பக்கத்துக் காற்றையும் சூடாக்கி உலர்த்தும். டீப் ஹீட் ப்ரொஜெக்டர் இந்த இரண்டுக்கும் நடுவில். வெளிச்சம் கிடையாது என்றே சொல்லலாம், சூடு செராமிக்கைவிட ஆழமாக இறங்கும், உள்ளே டங்ஸ்டன் இழை இருப்பதால் தட்டினால் தாங்காது. நான்காவது ரேடியண்ட் பேனல், கூண்டின் உட்கூரையில் திருகி மாட்டும் தட்டையான பலகை. பிவிசி கூண்டுக்கு அதுபோல ஒன்று இல்லை. கம்பிவலை மூடிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் தொட்டிக்கு என் தேர்வு, சூடு முனையில் 80 வாட் ப்ரொஜெக்டர் ஒன்று, நடுவில் 60 வாட் செராமிக் ஒன்று. முன்னது பாம்பு படுத்துச் சூடேற்றிக்கொள்ள, பின்னது காற்று 25-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள. இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட். ப்ரொஜெக்டருக்கு, மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகையே வேண்டும். ஆன்-ஆஃப் வகையில் இழை ஓயாமல் அணைந்து எரிந்து சீக்கிரம் அறுந்துவிடும், சூடும் மூன்று நான்கு டிகிரி ஊஞ்சலாடும். செராமிக்குக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்புகளாகக் கொடுக்கும் பல்ஸ் வகை போதும். 150 வாட் வாங்கித் தெர்மோஸ்டாட்டால் அடக்கிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள், வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட் பழுதாகி முழு மின்சாரமும் போகும் நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு 80 வாட் தொட்டியில் பாம்புக்குக் குளிர் முனையில் ஒதுங்க இடம் இருக்கும். 150 வாட்டில் இருக்காது.

அண்ணாவிடம் லண்டனிலிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 230 வோல்ட், உங்களிடம் 120. திருகு மரை ஏறக்குறைய ஒத்துப்போகும், அதனால் மாட்டவும் முடியும். ஆனால் வோல்ட் பாதியானால் சூடு கால்வாசி ஆகிவிடும். 80 வாட் என்று எழுதியிருப்பது இருபத்துச் சொச்ச வாட்டுக்கு மேல் தராது. நீங்கள் பாம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் செராமிக்கின் சூட்டில் உருகும். கிளிப்பை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் மூடியின் மேல் உட்காரவைத்துக் கம்பியால் கட்டுங்கள். வலைக்கு உள்ளே எந்த விளக்கும் வேண்டாம். உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் சுற்றிலும் கம்பிக்கூடு போட வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயரை விளக்குக்கு நேர் கீழே, பாம்பின் முதுகு இருக்கும் உயரத்தில், ஒரு தட்டைக் கல்லின் பக்கவாட்டில் ஹாட் குளூ போட்டு நிறுத்துங்கள். தொட்டிக்கு உள்ளே டேப் எதுவும் ஒட்டாதீர்கள். பசை பாம்பின் தோலில் பிடித்துக்கொண்டால் இழுக்கும்போது செதிலோடு உரிந்துவரும். அப்படி ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயை ஊறவிட்டு மெல்லப் பிரிக்க வேண்டும். செராமிக்கின் சென்சார் குளிர் முனையில், நிழலில் இருக்கட்டும்.

சென்சார் இடம் மாறுவதால் விபத்து வரலாம். பாம்பு இரவில் அதைத் தள்ளிக் குளிர் முனைக்குக் கொண்டுபோய்விட்டால், தெர்மோஸ்டாட் குளிர்கிறது என்று நம்பி விளக்கை முழு வேகத்தில் எரிக்கும். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து சென்சார் நனைந்தாலும் அதே கதை.

தெர்மோஸ்டாட்டில் 33 என்று வைத்தால் கல்லின் மேல் 33 இருக்கும் என்று எண்ண வேண்டாம். சென்சார் காட்டுவது ஒன்று, கல்லின் மேற்பரப்பு வேறு. பாம்பை வேறு பெட்டியில் வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் கல் 33 காட்டும்வரை எண்ணைக் கூட்டிக் குறையுங்கள். அந்த எண் 30 ஆகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளக்காதீர்கள், கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஒட்டி வைக்கும் வட்ட முள் மீட்டர்களைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அறை மிகக் குளிரும் நேரமான விடிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை குளிர் முனையை டிஜிட்டல் மீட்டரில் பாருங்கள். 24-க்குக் கீழே இருந்தால் இன்னொரு ஹீட்டர் வாங்கக் கடைக்கு ஓடாமல், தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஒரு அங்குல ஃபோம் பலகையை வெளியே ஒட்டுங்கள். பேஸ்மென்ட் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் அதை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள்.

வலைமூடி வழியாக ஈரமும் போகும், சூடும் போகும். விளக்குகள் உட்காரும் இடத்தையும் காற்றுக்கு ஒரு கையகல இடைவெளியையும் விட்டுவிட்டு, மீதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். தண்ணீரை மேலே தெளிப்பதைவிட மூலைகளில் ஊற்றி மட்டைத் துண்டுகளின் அடிப்பக்கம் ஈரமாக வைப்பது நல்லது. மேல்பரப்பு எப்போதும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பதுங்கிடம் வையுங்கள். குளிர் முனையில் மட்டும் வைத்தால், சூட்டைவிட ஒளிந்திருப்பதே பெரிது என்று அங்கேயே கிடந்து குளிரும்.

புது விளக்கு வந்ததும் சிவப்பு பல்பைத் தூக்கிப்போடுங்கள். பாம்புக்குச் சிவப்பு தெரியாது என்பது கடைகளில் சொல்வது. தெரியும், இரவும் பகலும் குழம்பும்.

எலி விஷயம். கக்கிய நாளிலிருந்து இரண்டு வாரம் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிறகு வழக்கமான எலியில் பாதி அளவு. அதையும் கக்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கோரம் நுரை கண்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். குளிரில் கிடந்த மலைப்பாம்புக்கு நெஞ்சுச்சளி எளிதில் பிடிக்கும்.

டொரண்டோவில் 2013 டிசம்பர் உறைமழையில் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டு கிடந்தன. அதனால் ஒரு தெர்மோகோல் பெட்டியும், குலுக்கினால் சூடாகும் கைச்சூட்டுப் பொட்டலங்களும் வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் போனால் பாம்பைத் தலையணை உறையில் கட்டி, பொட்டலத்தைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஓர் ஓரத்தில் வைத்து, மூடியில் சின்னத் துளை விடுங்கள். பொட்டலம் நேரே உடம்பில் படக் கூடாது. மின்சாரம் வந்து சூடு நிலைக்கும்வரை இரை கிடையாது.

இதைப் படிக்கும் சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணுளியோ நம் மலைப்பாம்போ வீட்டில் வைத்திருப்பது இந்தியாவின் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்து மலைப்பாம்பை 2024 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். அங்கே மே மாதத்தில் ஹீட்டரை அணைத்து அறையைக் குளிர்விப்பதுதான் வேலை.

எல்லாவற்றையும் மாட்டி ஒரு வாரம் ஓடியபின் மூன்று எண்களை எழுதுங்கள்: கல்லின் மேல் எவ்வளவு, குளிர் முனையில் விடிகாலை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு. வயிற்றுப் பக்கத்தின் படம் ஒன்றும் அனுப்புங்கள்.