கறுப்பின, லத்தீனோ மக்களின் உடல்நலம்: எதைப் படிக்கலாம்? – கேள்வி பதில்

அமெரிக்காவின் கறுப்பின மக்கள், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்கள் உடல்நலம் பற்றிய புத்தகங்களைக் குறித்து நீங்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். நூலகத்தில் பொதுச் சுகாதாரப் பிரிவைக் கவனித்துக்கொள்பவள் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மருத்துவர் இல்லை. அதனால் மாத்திரை, மருந்து பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அக்கா, எனக்கு நேரம் குறைவு. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

லிண்டா வில்லரோசாவின் 'அண்டர் தி ஸ்கின்', 2022இல் வந்தது. பெரும்பாலோர் ஹாரியட் வாஷிங்டனின் 'மெடிக்கல் அபார்தைட்'டைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். அது பெரிய உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அடிமைக் காலத்திலிருந்து ஒவ்வொரு கொடுமையாக அடுக்கிக்கொண்டே போகும். புதிதாகப் படிப்பவர் நூறு பக்கத்தில் மூச்சுமுட்டிக் கீழே வைத்துவிடுவார்.

வில்லரோசா, கறுப்பினப் பெண்களுக்கான 'எசென்ஸ்' இதழில் உடல்நலப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். சத்தாகச் சாப்பிடுங்கள், நடங்கள், காலத்தோடு டாக்டரைப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னால் போதும், மக்கள் தேறிவிடுவார்கள் என்று நம்பியவர். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதுதான் புத்தகம். உயர்படிப்பு படித்த கறுப்பினத் தாயின் குழந்தை ஒரு வயதுக்குள் இறந்துபோகும் அபாயம், பள்ளிப்படிப்பையே முடிக்காத வெள்ளைக்காரத் தாயின் குழந்தைக்கு இருப்பதைவிட அதிகம். படிப்பும் வசதியும் வந்த பிறகும் ஏன் இப்படி என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடுவதில்லை.

இதெல்லாம் ஜீன் சம்பந்தப்பட்டது இல்லையா மேடம்? கறுப்பினத்தவருக்கு ரத்தக்கொதிப்பு அதிகம், சர்க்கரை அதிகம் என்றுதானே பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது?

அதிகம் என்பது உண்மை. காரணம் ஜீன்தான் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதுதான் சிக்கல். டோரதி ராபர்ட்ஸ் 2011இல் எழுதிய 'ஃபேட்டல் இன்வென்ஷன்' இந்த முடிச்சை நிதானமாக அவிழ்க்கிறது.

உதாரணத்துக்கு, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதைக் 'கறுப்பர் நோய்' என்றே பேசிப் பழகிவிட்டார்கள். ஆனால் அது நிறத்தோடு வருவதல்ல, மலேரியா நெடுங்காலம் ஆட்டிவைத்த இடங்களில் தங்கிப்போனது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அது இருப்பதை 1952லேயே பதிவு செய்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலோரத்திலும் உண்டு.

சரி, ஜீன் இல்லையென்றால் வேறென்ன? ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கறுப்பினப் பெண்களில், பதின்வயதில் பெற்றவர்களின் குழந்தைகளைவிட இருபதுகளில் பெற்றவர்களின் குழந்தைகள் நிலை மோசமாக இருந்தது. வெள்ளையினப் பெண்களிடம் இது தலைகீழ். வறுமை, அவமதிப்பு, ஓயாத எச்சரிக்கை உணர்வு எல்லாம் சேர்ந்து உடம்பைச் சீக்கிரமே மூப்படையச் செய்கின்றன என்பது அவர் வாதம். 2023இல் 'வெதரிங்' என்ற பெயரில் பொது வாசகருக்காக எழுதினார். நடை கொஞ்சம் பேராசிரியர் நடைதான். முதல் சில அத்தியாயங்களைத் தாண்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு வேண்டுமென்றே சிபிலிஸ் கிருமியை ஏற்றினார்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா?

ஏற்றவில்லை. நடந்ததைக் கேட்டால் ஏற்றியிருக்கவே தேவையில்லை என்று தோன்றும். டஸ்கீகி இருக்கும் அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. 399 பேருக்கு ஏற்கெனவே சிபிலிஸ் இருந்தது, 201 பேருக்கு இல்லை. 'கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்' என்று சொல்லி, நோய் தானாக எங்கே போய் முடிகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940களின் இறுதியில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அப்புறமும் கொடுக்கவில்லை.

ஜேம்ஸ் ஜோன்ஸ் 1981இல் எழுதிய 'பேட் பிளட்' இதற்கு அடிப்படையான புத்தகம். அதில் மறக்க முடியாதது ஒரு கடிதம். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். அது சோதனை மட்டுமே, வைத்தியம் இல்லை. ஆனால் அந்த ஆண்களுக்குப் போன கடிதத்தில் அதைச் 'சிறப்பு இலவச சிகிச்சை' என்று எழுதி, இதுவே கடைசி வாய்ப்பு என்றும் சேர்த்திருந்தார்கள். அவர்களைக் காரில் அழைத்துப்போய் வந்த நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸும் கறுப்பினப் பெண்தான். நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்துப் படிக்க நினைப்பவர்களுக்கு இந்த நர்ஸின் கதை தொண்டையில் சிக்கும்.

1972இல் பத்திரிகையில் வந்த பிறகே அது நின்றது. அதிபர் கிளிண்டன் 1997இல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதே துறை குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை உண்மையிலேயே பலருக்கு அப்படித் தொற்ற வைத்தது. இரண்டு சம்பவங்களையும் கலந்துவிடாதீர்கள். குவாத்தமாலா ஆவணங்களைக் கண்டெடுத்தவர் சூசன் ரெவர்பி. டஸ்கீகி பற்றி அவர் 2009இல் எழுதிய புத்தகமும் நல்லது.

எல்லாம் கறுப்பின மக்களைப் பற்றியே இருக்கிறது. லத்தீனோக்களைப் பற்றி யாரும் எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடை முகப்பில் வைப்பதில்லை, தேடிப்போக வேண்டும். எலேனா குட்டியரஸ் 2008இல் எழுதிய 'ஃபெர்டைல் மேட்டர்ஸ்' என் முதல் தேர்வு. மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் அளவுக்கு மீறிப் பெற்றுத் தள்ளுகிறார்கள் என்ற பேச்சு எப்படி உருவாக்கப்பட்டது என்பதைப் பற்றியது.

அதன் நடுவே ஒரு வழக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மருத்துவமனையில் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். தனக்கு என்ன நடந்தது என்பதே சிலருக்கு நெடுநாள் தெரியாது. அங்கே வேலை பார்த்த ஓர் இளம் மருத்துவர் ஆதாரங்களைச் சேகரித்து வெளியே கொடுத்தார். 10 பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1978இல் தோற்றார்கள். பிள்ளை பெற முடியாமல் போவது அவர்கள் சமூகத்தில் எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க மானுடவியலாளர் ஒருவர் சாட்சி சொன்னார். நீதிபதி அதையே திருப்பிப் போட்டு, அவர்கள் துயரத்துக்குக் காரணம் அவர்களுடைய பண்பாட்டுப் பின்னணி என்று தீர்ப்பில் எழுதினார்! வழக்கு தோற்றாலும், பிறகு ஸ்பானிஷ் படிவங்களும் காத்திருப்புக் காலமும் நடைமுறைக்கு வந்தன. இதைப் பற்றி 'நோ மாஸ் பெபேஸ்' என்ற ஆவணப்படமும் 2015இல் வந்தது.

சோகம் போதும், சண்டை போட்டு வாங்கிய கதை வேண்டும் என்றால் ஜொஹானா ஃபெர்னாண்டஸின் 'தி யங் லார்ட்ஸ்' (2020) படியுங்கள். நியூயார்க்கின் போர்ட்டோரிக்க இளைஞர்கள் 1970இல் காசநோய் எக்ஸ்ரே வண்டி ஒன்றைக் கடத்திக்கொண்டு போய், ஜனங்களை வரிசையில் நிற்கவைத்து மார்பு எக்ஸ்ரே எடுக்க வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 14 அன்று தெற்கு பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனையை 12 மணி நேரம் கைப்பற்றினார்கள். ஊர்க்காரர்கள் 'கசாப்புக் கடை' என்று அழைத்துவந்த மருத்துவமனை அது. புத்தகம் தடிமன், ஆனால் ஓடிவிடும்.

டெய்சி ஹெர்னாண்டஸின் 'தி கிஸ்ஸிங் பக்' (2021) வேறு ரகம். தன் அத்தையைக் கொன்ற சாகஸ் நோயைத் தேடிப் போகிறார். ஒரு பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோய் அது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து இதயத்தைத் தாக்கும்.

ஏழைகளாக இருந்தும் லத்தீனோக்கள் வெள்ளையரைவிட அதிக காலம் வாழ்கிறார்களாமே?

2019 கணக்கில் சராசரி ஆயுள் லத்தீனோக்களுக்கு 81.9, வெள்ளையருக்கு 78.8, கறுப்பினத்தவருக்கு 74.8. 1986இலிருந்து ஆய்வாளர்கள் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டுகிறார்கள். உடல்தெம்பு உள்ளவர்களே புலம்பெயர்கிறார்கள், புகைப்பழக்கம் குறைவு, குடும்பத்துணை உண்டு என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். கோவிட் வந்ததும் 2021இல் அந்த 81.9 என்பது 77.8 ஆனது. நெரிசலான வீடு, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை. அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க சேத் ஹோம்ஸின் 'ஃப்ரெஷ் ஃப்ரூட், புரோக்கன் பாடீஸ்' படியுங்கள். ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களோடு தானும் குனிந்து பறித்த மருத்துவர் அவர்.

டெக்சாஸில் இருக்கிறேன் அக்கா. மகனுக்கு வயிற்றுப் பொருமல் என்றதும் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு ஓர் ஆரஞ்சுப் பொடி கொடுத்தார். கொடுக்கலாமா?

இது புத்தகக் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கவே கொடுக்காதீர்கள். மெக்சிக நாட்டு வைத்தியத்தில் 'அஸார்கோன்' என்ற ஆரஞ்சுப் பொடியும் 'கிரேட்டா' என்ற மஞ்சள் பொடியும் உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். பையன் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் பேரப்பிள்ளைகளும் அதைத்தானே சாப்பிடுவார்கள். மற்றபடி நாட்டு வைத்தியம் முழுவதையும் தூக்கிப் போடவும் வேண்டாம். நம் வீட்டில் கண்ணுக்கு இடும் சுர்மாவிலும் ஈயம் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

சமையல் புத்தகம் ஏதாவது?

பிரையன்ட் டெர்ரியின் 'ஆஃப்ரோ-வீகன்'. லத்தீனோ பக்கம், லூஸ் கால்வோவும் கேட்ரியோனா எஸ்கிபெலும் எழுதிய 'டீகாலனைஸ் யுவர் டயட்'. பீன்ஸ், சோளம், சப்பாத்திக்கள்ளி, கீரை என்று நம் சமையலறைக்கு அதிக தூரமில்லை.

மனநலம் பற்றி? இப்போது எல்லோரும் 'செல்ஃப் கேர்' என்கிறார்களே.

முகக்கிரீம் விற்பவர்கள் கைக்குப் போகுமுன் அந்தப் பேச்சு எங்கே இருந்தது என்று அறிய கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டைப் படியுங்கள். 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' (1980) சின்னப் புத்தகம். மார்பகத்தை எடுத்த பத்து நாளில் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளாமல் வந்ததைக் கண்ட நர்ஸ், இப்படி வந்தால் இங்குள்ளவர்கள் மனம் தளர்ந்துவிடும் என்கிறார். அந்த இடத்தில் லார்டுக்கு வரும் கோபத்துக்காகவே படிக்கலாம். நடைமுறை வழிகாட்டியாக வேண்டுமென்றால் ரீடா வாக்கர் 2020இல் எழுதியது இருக்கிறது.

நான் மருத்துவ மாணவன். எனக்குத் தனியாக ஏதாவது?

தம்பி, லண்டி பிரவுனின் 'பிரீதிங் ரேஸ் இன்டு தி மெஷின்' (2014) எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் கொள்ளளவு அளக்கும் ஸ்பைரோமீட்டருக்குள் இனம் எப்படி நுழைந்தது என்பதன் வரலாறு. கூடவே சிறுநீரகக் கணக்கையும் பாருங்கள். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்து ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) கணக்கிடும் 2009ஆம் ஆண்டுச் சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கியது. சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டும், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் சேர்வது தள்ளிப்போகும். 2021இல் இனத்தை நீக்கிய சூத்திரம் வந்தது. அப்படிக் காத்திருப்புக் காலத்தை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் அமலானது. உங்கள் பாடப்புத்தகம் எந்த வருடப் பதிப்பு என்று முதலில் பார்த்துவிடுங்கள்.